நீரின் அசுத்தத்தை அறிவிக்கும் கிருமியுண்ணிகள்: பழவேற்காட்டு ஏரிக் கிராமங்களுக்கு ஒரு விளக்கம்

திருவள்ளூர் ஜில்லா பொன்னேரி தாலூகாவின் கீழ்க்கோடியிலுள்ள பழவேற்காட்டு ஏரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியது. வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இவ்வேரியின் பெரும்பாகம் ஆந்திரப் பிரதேசத்தையும், தென்பாகம் தமிழ்நாட்டையும் சேர்ந்தது. வடக்கே சுவர்ணமுகியும், மேற்கே காளங்கியும், தெற்கே ஆரணி ஆறும் இதில் வந்து கலக்கின்றன. பக்கிங்ஹாம் கால்வாயும் இதனோடு இணைந்துள்ளது. பரப்பு பெரிதாயினும் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே.

கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம் முதலிய கிராமத்தார், பாடு என்னும் பழைய முறைப்படி இடமும் நாளும் பங்கிட்டுக்கொண்டு இறால், நண்டு, மடவை முதலியவற்றைப் பிடித்து ஜீவிக்கின்றனர். இருளர் வகுப்புப் பெண்டிர் இடுப்பளவு நீரில் நின்று கையினாலேயே இறால் பிடிப்பதும் உண்டு. ஏரியின் மேற்கிலும் தெற்கிலும் உள்ள நஞ்சை நிலங்களின் வடிகால் நீரும், ஊர்களின் சாக்கடை நீரும் இறுதியில் வந்து சேரும் இடமும் இவ்வேரியே. ஆகவே மேட்டு நிலத்தில் உள்ளோர் தம் கழிவுநீரை எவ்வாறு அகற்றுகின்றனர் என்பது, பள்ளத்தில் உள்ளோரின் உடல்நலத்தைப் பற்றியதாகிறது.

கிராமக் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, "கோலி கிருமி காணப்படவில்லை" என்னும் சீட்டு வந்துவிட்டால், அந்நீர் குற்றமற்றது என்று அதிகாரிகளும் ஜனங்களும் திருப்தியடைவது வழக்கம். அத்திருப்தி எல்லா இடத்திலும் தகுதியானதன்று. உப்பும் வெயிலும் மணலும் மிகுந்த பழவேற்காடு போன்ற இடங்களில் அது மிகவும் யோசித்துக் கொள்ளத்தக்கது. கோலி கிருமி மாண்டுபோன பின்பும் நீரில் நின்று, சாக்கடை கலந்த செய்தியை அறிவிக்கக்கூடிய வேறொரு சாட்சி உண்டு. அதுவே பாக்டீரியோபேஜ் எனப்படும் கிருமியுண்ணி.

கோலி என்னும் சாட்சி

1885-ஆம் ஆண்டில் ஜெர்மன் வைத்தியரான தியோடோர் எஷ்சரிக் என்பவர் குழந்தைகளின் மலத்தில் கண்டறிந்த கிருமியே பிற்காலத்தில் அவர் பெயரால் எஷ்சரிசியா கோலி என்று வழங்கலாயிற்று. மனிதர், கால்நடை, பறவை ஆகியவற்றின் குடலில் இது கோடிக்கணக்கில் வசிக்கிறது. இதன் இனங்களிற் பெரும்பாலானவை தம்மளவில் தீங்கற்றவை. எனினும் இது நீரில் காணப்படின், அந்நீரில் மலம் கலந்தது திண்ணம்; மலம் கலந்த இடத்தில் காலரா, டைபாய்டு, சீதபேதி ஆகியவற்றின் கிருமிகளும் வரக்கூடும். அக்கிருமிகளை ஒவ்வொன்றாகத் தேடுவது கடினமாதலின், எளிதில் காணத்தக்க கோலியைத் தேடி, அதைக் கொண்டு மற்றவற்றை அனுமானிப்பது சென்ற நூற்றாண்டு முழுவதும் எல்லாத் தேசங்களிலும் நிலைபெற்ற முறையாயிற்று.

இம்முறையைக் கிராமங்களுக்கும் எளிதாக்கித் தந்தவர்கள் இந்திய விஞ்ஞானிகளே. 1982-ஆம் ஆண்டில் குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தோர், மருந்து தோய்த்த காகிதத் துண்டொன்றை இட்ட சிறு புட்டியில் நீரை ஊற்றி வைத்தால், மலக்கலப்புள்ள நீர் கறுத்துவிடும் என்னும் முறையை வெளியிட்டனர். இன்று பஞ்சாயத்துகளில் உபயோகிக்கப்படும் புட்டிகள் இம்முறையைச் சார்ந்தவையே.

ஆனால் இவ்வகைப் பரிசோதனைகள் யாவும் பாக்டீரியா என்னும் கிருமிகளைப் பற்றியவை. மலத்தின் வழியாகப் பரவும் வியாதிகளில் மற்றொரு பெரும் பகுதி வைரஸ்களால் உண்டாகிறது. காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ என்பவையும், குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணமான ரோட்டா வைரஸும், இளம்பிள்ளை வாதத்தை உண்டாக்கும் போலியோ வைரஸும் இவ்வகுப்பைச் சேர்ந்தவை. கோலி கிருமியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 500-இல் ஒரு பங்கு. ஹெபடைடிஸ் ஏ வைரஸோ மில்லிமீட்டரில் ஏறக்குறைய 40,000-இல் ஒரு பங்கு. கோலியைத் தடுக்கும் மணற்படுகை வைரஸையும் தடுக்கும் என்று கொள்ளலாகாது. கோலியைக் கொல்லும் அளவு குளோரின் வைரஸையும் கொல்லும் என்றும் கொள்ளலாகாது.

டில்லி நகரம் கற்ற பாடம்

இவ்வேறுபாட்டை இந்தியா மிகுந்த விலை கொடுத்தே கற்றுக்கொண்டது. 1955-ஆம் ஆண்டில் யமுனை நதியில் வெள்ளம் வடிந்த பின் நீரோட்டத்தின் போக்கு மாறியது. வஜீராபாத்தில் டில்லி நகருக்குக் குடிநீர் எடுக்கப்படும் துறைக்குக் கீழே நதியில் விழுந்துகொண்டிருந்த நஜப்கர் வடிகாலின் சாக்கடை நீர், அதனால் பின்வாங்கி அத்துறையையே அடைந்தது. நீரேற்று நிலையத்தார் அபாயத்தை உணர்ந்து குளோரினை அதிகமாகச் சேர்த்தனர். அதன் பயனாக டைபாய்டு முதலிய பாக்டீரியா வியாதிகள் நகரில் பெருகவில்லை.

ஆயினும் சில வாரங்களுக்குள், 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும், சுமார் 29,000 பேர் காமாலையால் பீடிக்கப்பட்டனர். பாக்டீரியாவை அழித்த மருந்து, வைரஸை அழிக்கப் போதவில்லை. அக்காலத்தில் சேமித்து வைக்கப்பட்ட இரத்த மாதிரிகளைப் பிற்காலத்தார் ஆராய்ந்து, அது இக்காலத்தில் ஹெபடைடிஸ் இ எனப்படும் வியாதி என்று முடிவு செய்தனர். இவ்வியாதி பெரும்பாலோரிடத்தில் தானாகவே தணிவது. ஆனால் கருவுற்ற பெண்டிரைக் கடைசி மூன்று மாதத்தில் பற்றினால், அவர்களுள் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை மரிக்கக்கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரிக்கிறது. பாக்டீரியாவைக் கொண்டு மட்டும் நீரின் தூய்மையை நிர்ணயிப்பதால் எத்தகைய கேடு விளையும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

வைரஸ்களை நேராகவே தேடலாமே என்னின், அதற்கு விலையுயர்ந்த கருவிகளும் தேர்ந்த ஆட்களும் வேண்டும். ஒவ்வொரு வைரஸுக்கும் தனித்தனிப் பரிசோதனையும் வேண்டும். ஆகவே வைரஸைப் போன்ற உருவமும் உறுதியும் உடையதாய், தீங்கற்றதாய், சாக்கடையில் எப்போதும் இருப்பதாய், எளிதில் எண்ணத்தக்கதாய் உள்ள ஒரு பொருள் சாட்சியாகத் தேவைப்பட்டது. அத்தேவையைக் கிருமியுண்ணி நிறைவேற்றுகிறது.

கிருமியுண்ணி என்பது யாது?

பயிருக்குப் பூச்சி எவ்வாறோ, அவ்வாறே பாக்டீரியாவுக்கும் ஒரு பகை உண்டு. பாக்டீரியாவைப் பற்றும் வைரஸே கிருமியுண்ணி. அது தனக்குரிய இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாவின் மேற்புறத்தில் ஒட்டிக்கொண்டு, தன் உட்பொருளை மட்டும் அதனுள் செலுத்தி, அதன் உடலையே உலைக்களமாகக் கொண்டு தன்னைப் போன்ற பலவற்றை உண்டாக்கி, முடிவில் அதை வெடிக்கச் செய்து வெளிவருகிறது. இதற்குச் சாதாரணமாக அரைமணி முதல் ஒரு மணி நேரமே பிடிக்கும். இது மனிதரையோ, கால்நடைகளையோ, மீனையோ, பயிரையோ பற்றுவதில்லை.

இதன் சரித்திரத்தில் இந்தியாவுக்குச் சிறந்த இடம் உண்டு. 1896-ஆம் ஆண்டில் ஆக்ராவில் அரசாங்க ரசாயனப் பரிசோதகராக இருந்த எர்னஸ்ட் ஹான்பரி ஹான்கின் என்பவர், கங்கை யமுனை நீரில் இட்ட காலரா கிருமிகள் மூன்று மணி நேரத்துக்குள் மாண்டுபோவதையும், அந்நீரைக் காய்ச்சிவிட்டால் அச்சக்தி அகன்றுவிடுவதையும் எழுதி வெளியிட்டார். அச்சக்தி கிருமியுண்ணியினுடையதே என்று பிற்காலத்தார் பலர் கருதினர். 1915-இல் லண்டனில் பிரடெரிக் ட்வார்ட் என்பவரும், 1917-இல் பாரிஸிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் பெலிக்ஸ் டெரெல் என்பவரும் இதைத் தனித்தனியே கண்டறிந்தனர். பாக்டீரியோபேஜ் என்னும் பெயரைச் சூட்டியவர் டெரெலே. அவர் 1927-இல் இந்தியாவுக்கு வந்து, காலரா கிருமியை உண்ணும் இனத்தை அவ்வியாதிக்கு மருந்தாக உபயோகிக்கும் ஆராய்ச்சியை நடத்தினார். மருந்தாக உபயோகிக்கும் அம்முயற்சி பின்னர் மங்கியது. கிருமியுண்ணியை அடையாளமாக உபயோகிக்கும் முறையோ வளர்ந்து வருகிறது.

சாக்கடையின் அடையாளம்

ஒவ்வொரு கிருமியுண்ணியும் தனக்குரிய பாக்டீரியாவையன்றி வேறொன்றைப் பற்றுவதில்லை. ஆதலின், கோலி கிருமியைப் பற்றும் கோலியுண்ணி ஓரிடத்தில் மிகுதியாக இருப்பின், அங்கே கோலியும், கோலியின் உறைவிடமாகிய மலமும் வந்து சேர்ந்திருத்தல் வேண்டும். சுத்தி செய்யப்படாத நகரச் சாக்கடை நீரில் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் நூற்றுக்கணக்கு முதல் பல்லாயிரம் வரை கோலியுண்ணிகள் காணப்படுவது இயல்பு.

இவற்றில் இரண்டு வகுப்புகள் நீர்ப் பரிசோதனைக்கு முக்கியமானவை. முதலாவது, கோலியின் மேற்தோலில் நேராக ஒட்டிக்கொள்வது, இது எண்ணிக்கையில் மிகுந்தது, எளிதில் காணத்தக்கது. இரண்டாவது, கோலியின் உடலிலிருந்து மயிர்போல் நீளும் நுண்ணிழைகளின் வழியே புகுவது, எம்.எஸ்.2 என்பது இவ்வகுப்பில் பெயர்பெற்றது. இது உருவத்திலும் பருமனிலும் போலியோ, ஹெபடைடிஸ் ஏ முதலிய வைரஸ்களைப் பெரிதும் ஒத்திருப்பதால், வடிகட்டும் மணலும் குளோரினும் அவ்வைரஸ்களை எவ்வளவு நீக்கும் என்று அளந்தறிய இது உதவுகிறது.

சட்டதிட்டங்களிலும் இவை இடம்பெற்றுள்ளன. இந்தியத் தர நிர்ணய நிலையம் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட குடிநீர் விதியின்படி, 100 மில்லிலிட்டர் நீரில் கோலி சிறிதும் காணப்படலாகாது. அன்றியும், 1 லிட்டர் நீரில் எம்.எஸ்.2 கிருமியுண்ணியும் இருத்தலாகாது. அது காணப்பட்டால், ஹெபடைடிஸ் ஏ முதலிய வைரஸ்களை நேராகத் தேடுதல் வேண்டும் என்பதும் அவ்விதியே. அமெரிக்காவில் 2006-ஆம் ஆண்டில் ஏற்பட்ட நிலத்தடி நீர் விதி, மலக்கலப்பைக் காட்டும் அடையாளங்களுள் ஒன்றாகக் கோலியுண்ணியை ஏற்றது. ஐரோப்பிய ஐக்கியம் 2020-ஆம் ஆண்டில் இயற்றிய குடிநீர் ஆணை, சுத்தி செய்யப்படாத மூலநீரில் 100 மில்லிலிட்டருக்கு 50 என்பதைக் கோலியுண்ணிக்குரிய எச்சரிக்கை அளவாகக் குறித்துள்ளது.

பரிசோதிக்கும் முறை

இப்பரிசோதனை மிக எளிய ஆதாரத்தைக் கொண்டது. பாலில் பிரை ஊற்றித் தயிராக்குவது போல, இளகிய அகர் என்னும் கடற்பாசிக் கூழில் கோலி கிருமிகளைக் கலந்து, அதனோடு பரிசோதிக்க வேண்டிய நீரையும் சேர்த்து, வட்டமான கண்ணாடித் தட்டில் பரப்பி, உடலின் வெப்பநிலையில் ஓர் இரவு வைத்திருத்தல் வேண்டும். மறுநாள் தட்டு முழுவதும் கோலி செழித்து வளர்ந்து மங்கலான ஆடை போலப் படர்ந்திருக்கும். நீரில் கோலியுண்ணி இருந்ததாயின், அது விழுந்த ஒவ்வோரிடத்திலும் கிருமிகள் அழிந்து, தெளிவான சிறு வட்டம் தோன்றும். அடர்ந்த நாற்றங்காலில் பூச்சி விழுந்த இடங்கள் சொட்டையாகத் தெரிவது எவ்வாறோ, அவ்வாறே இது. சொட்டைகளை எண்ணினால் அந்நீரில் இருந்த கோலியுண்ணிகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும்.

பூதக்கண்ணாடியும் வேண்டாத இம்முறையில், கண்ணுக்குப் புலப்படாத பொருள் ஒன்று வெறுங்கண்ணால் எண்ணத்தக்கதாகிறது. கோலிப் பரிசோதனை செய்யும் வசதியுள்ள எந்தப் பரிசோதனைச் சாலையிலும், சிறிது பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு இதை நடத்தலாம்.

பழவேற்காட்டில் கவனிக்க வேண்டியவை

பழவேற்காட்டு ஏரியின் இயல்புகள் சிலவற்றை நோக்கின், கோலியை மட்டும் நம்புவது ஏன் தகாது என்பது விளங்கும்.

முதலாவது, உப்பும் வெயிலும். வெயில் மிகுந்த பகலில், தெளிந்த உப்புநீரில் விழுந்த கோலி கிருமிகளில் பத்தில் ஒன்பது பங்கு சில மணி நேரத்திலேயே மாண்டுவிடக்கூடும். வைரஸ்களோ பல நாள், சில சமயம் பல வாரமும் நிலைத்திருக்கின்றன. ஆகவே காலையில் சாக்கடை நீர் கலந்த இடத்தில் மாலையில் மாதிரி எடுத்தால், கோலியின் அளவு குறைவாகக் காணப்பட்டு நீர் சுத்தமானது என்னும் தவறான எண்ணம் உண்டாகலாம். கோலியுண்ணி அத்துணை விரைவில் அழிவதில்லை. ஆதலின் அது உண்மை நிலையைக் காட்டும்.

இரண்டாவது, முகத்துவாரம். வேனிற்காலத்தில் மணல் திரண்டு முகத்துவாரம் தூர்ந்துவிடுவதுண்டு. அக்காலத்தில் கடல்நீர் ஏறி இறங்கி ஏரியை அலசுவது குன்றி, சேர்ந்த அழுக்கு சேர்ந்தபடியே தங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஆறுகள் பெருகும்போது, கரையிலும் ஜலதாரைகளிலும் கிடக்கும் மலமும் குப்பையும் ஒருங்கே அடித்துக்கொண்டு வரப்படுகின்றன. ஆகவே நீரைப் பரிசோதிக்க மிகவும் ஏற்ற காலங்கள் இவ்விரண்டே.

மூன்றாவது, மணற்பாங்கான நிலத்திலுள்ள கிணறுகள். கடலுக்கும் ஏரிக்கும் இடையிலுள்ள மணல் திட்டுகளில், மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்து மெல்லிய நன்னீர்ப் படலமாக நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்புநீர் ஏறிவிடுமாதலின், அங்கே உறைக்கிணறுகளும் ஊற்றுக்குழிகளும் ஆழமற்றனவாகவே இருத்தல் வேண்டும். கக்கூஸ் குழியின் அடிப்பாகத்துக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே உள்ள தூரமும் அதனால் குறைந்துவிடுகிறது. குப்பங்களில் வீடுகள் நெருங்கியிருத்தலால், குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலுள்ள தூரமும் குறைவு. மணல் பாக்டீரியாவை ஓரளவு வடிகட்டும். நுண்ணிய வைரஸ் மணலில் ஒட்டிக்கொண்டு சிறிது காலம் நிற்கும். ஆனால் உப்பற்ற மழைநீர் மிகுதியாக இறங்கும்போது, அவ்வாறு ஒட்டியிருந்தவை மீண்டும் கழன்று நீரோடு செல்லக்கூடும். பெருமழைக்குப் பின் கிணற்று நீரில் தோன்றும் அபாயத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது, பறவைகள். குளிர்காலத்தில் பூநாரைகளும் பிற நீர்ப்பறவைகளும் ஆயிரக்கணக்கில் இவ்வேரியில் தங்குகின்றன. அவற்றின் எச்சத்திலும் கோலி உண்டு. கோலியின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு, அது பறவையினின்று வந்ததா, மனிதரினின்று வந்ததா என்று சொல்ல இயலாது. எம்.எஸ்.2 வகுப்பைச் சேர்ந்த கிருமியுண்ணிகள் நான்கு பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இரண்டாம் மூன்றாம் பிரிவுகள் பெரும்பாலும் மனிதரின் சாக்கடையிலும், முதலாம் நான்காம் பிரிவுகள் பெரும்பாலும் விலங்கு பறவைகளின் கழிவிலும் காணப்படுகின்றன. 2014-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட கிராஸ்பேஜ் என்னும் இனம், மனிதக் குடலுக்கே பெரிதும் உரியது. குற்றம் யாருடையது என்னும் விவாதம் எழும் இடங்களில் இவ்வறிவு பயன்படும்.

ஐந்தாவது, சிப்பி. 1910-ஆம் ஆண்டையொட்டி மதராஸ் மீன் இலாகாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் பழவேற்காட்டில் சிப்பி வளர்ப்பை முயன்று பார்த்தார். சிப்பி தான் வாழும் நீரை இடைவிடாது உள்வாங்கி வடிகட்டி உண்பதாகலின், நீரிலுள்ள கிருமிகளும் வைரஸ்களும் அதன் உடலில் திரளும். அதைச் சுத்தநீரில் இரண்டு நாள் விட்டு வைத்தால் கோலி பெரும்பாலும் நீங்கிவிடும்; வைரஸும் கோலியுண்ணியும் அவ்வளவு எளிதில் நீங்குவதில்லை என்பது பிற தேசங்களில் நடந்த சோதனைகளால் தெளிவாயிற்று. இறாலும் மீனும் நன்கு வேகவைத்து உண்ணப்படுவதால் அவற்றில் இவ்வபாயம் குறைவு.

இப்பரிசோதனையின் எல்லைகள்

எந்தச் சாட்சியும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. எம்.எஸ்.2 வகுப்புக் கிருமியுண்ணி எல்லா மனிதரின் மலத்திலும் இருப்பதன்று. சிலரிடமிருந்து வெளிப்பட்டு, பலருடைய கழிவு ஒன்றாய்ச் சேரும் சாக்கடையில் பெருகுவது. ஆகவே நகரச் சாக்கடையை அது நன்றாகக் காட்டும். ஒரே வீட்டின் கக்கூஸ் குழி ஒரே கிணற்றைக் கெடுக்கும் இடத்தில் அது காணப்படாமலும் போகலாம். அன்றியும் வெதுவெதுப்பான நீரில் அது சற்று விரைவாக அழிவதால், உஷ்ண தேசங்களில் முதல் வகுப்பையும் சேர்த்தே எண்ணுதல் நலம்.

காலரா கிருமியின் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். அக்கிருமியும் அதன் உறவினங்களும் உவர்நீர்க் கழிகளில், சாக்கடை கலவாதவிடத்தும், நுண்ணிய நீர்வாழ் உயிர்களைச் சார்ந்து இயல்பாகவே வசிக்கக்கூடும். 1992-ஆம் ஆண்டில் காலராவின் புதிய வகையொன்று சென்னையில் வெளிப்பட்டது நினைவில் வைக்கத்தக்கது. ஆதலின் மலக்கலப்பு இல்லை என்னும் சீட்டு ஏரிநீரைக் குடிப்பதற்கு அனுமதியாகாது.

சுருங்கக் கூறின், கோலியுண்ணி காணப்பட்டால் அபாயம் உறுதி. காணப்படாவிட்டால் அபாயமில்லை என்பது உறுதியன்று. கோலிப் பரிசோதனையும், கோலியுண்ணிப் பரிசோதனையும், கிணற்றின் சுற்றுப்புறத்தை நேரில் சென்று பார்வையிடுதலும் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்றல் வேண்டும்.

கிராமத்தார் செய்யத்தக்கவை

1. கக்கூஸ் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 50 அடி தூரம் இருத்தல் வேண்டும் என்பது பொதுவான விதி. கடலோர மணலில் கூடியவரை அதிகத் தூரம் விடுதல் நன்று. குழி கிணற்றைவிட மேட்டில் அமைதலாகாது. உறைக்கிணற்றின் விளிம்பை உயர்த்தி, சுற்றிலும் சிமெண்டுத் தளம் இட்டு, சிந்தும் நீர் ஓடிவிட வாய்க்கால் அமைத்தல் வேண்டும்.

2. கழிவுநீர் லாரிகள் குழிகளில் இறைத்த மலநீரை ஆற்றிலோ, வடிகாலிலோ, ஏரிக்கரையிலோ கொட்டுவதைக் கிராம நிர்வாக அதிகாரிகளும் பஞ்சாயத்தாரும் கண்டிப்பாகத் தடுத்தல் வேண்டும். ஒரு லாரி மலநீரில் அடங்கிய வைரஸ்கள், ஆழமற்ற ஓர் ஓடை முழுவதையும் கெடுக்கப் போதுமானவை.

3. நிலமுடையோர் மலநீரைப் பச்சையாக வயலில் பாய்ச்சுதல் கூடாது. கீரை முதலிய பச்சையாக உண்ணத்தக்க பயிர்களுக்கு அது முற்றிலும் விலக்கத்தக்கது. இரட்டைக் குழிக் கக்கூஸில் ஒரு குழி நிரம்பிய பின் அதை மூடி, ஒன்று முதல் இரண்டு ஆண்டு வரை விட்டுவைத்தால், அது தீங்கற்ற நல்ல எருவாகும். எருக்குவியல் முறையாயின், குவியலின் உட்சூடு 50 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் குறையாமல் நிற்கும்படி புரட்டிவிடுதல் வேண்டும்.

4. தேற்றாங்கொட்டையும் படிகாரமும் கலங்கல் நீரைத் தெளிவிக்கும்; தெளிவு வேறு, சுத்தம் வேறு. ஆயினும் கலங்கலுக்குள் மறைந்துள்ள வைரஸைக் குளோரின் எளிதில் எட்டாதாகலின், முதலில் தெளிவித்துப் பின்னர் மருந்திடுதலே முறை.

5. வட்டக் கிணற்றின் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை நீரின் ஆழத்தால் பெருக்கி, வந்ததை 785-ஆல் பெருக்கினால் நீரின் அளவு லிட்டரில் கிடைக்கும். விட்டமும் ஆழமும் மீட்டரில் இருத்தல் வேண்டும். 1.2 மீட்டர் விட்டமும் 1.5 மீட்டர் நீரும் உள்ள உறைக்கிணற்றில் சுமார் 1,700 லிட்டர் நீர் இருக்கும். நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் வீதம், இக்கிணற்றுக்கு ஏறக்குறைய 4¼ கிராம் வேண்டும். அழுக்கு மிகுந்த நீருக்கு இன்னும் அதிகம் பிடிக்கும். கடலோரக் காற்றின் ஈரத்தில் இப்பவுடர் விரைவில் சத்தற்றுப் போவதால், இறுக மூடி வைத்தல் அவசியம்.

6. மருந்திட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குளோரோஸ்கோப்பால் பார்க்கும்போது, சாதாரணக் காலத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருத்தல் போதும். காமாலை முதலிய வைரஸ் வியாதிகளுக்கு அஞ்சவேண்டிய காலத்தில் 0.5 மில்லிகிராமுக்குக் குறையலாகாது என்று மேற்கூறிய 2012-ஆம் ஆண்டு விதியே கூறுகிறது. இவ்விரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடு, பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் உள்ள வேறுபாடே. எல்லாவற்றினும் எளியதும் உறுதியானதும், நீரைக் கொதிக்க வைத்து அருந்துவது. கருவுற்ற பெண்டிரும் குழந்தைகளும் உள்ள வீடுகளில் இது தவறலாகாது.

7. ஜில்லா நீர்ப் பரிசோதனைச் சாலைகளில் வழக்கமாக நடைபெறுவது கோலிப் பரிசோதனையே. காமாலையோ, கூட்டமான வயிற்றுப்போக்கோ கிராமத்தில் தோன்றும்போது, சுகாதார அதிகாரிகளின் மூலமாகக் கோலியுண்ணிப் பரிசோதனையும் செய்யும்படி பஞ்சாயத்தார் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுதல் தக்கது. 1899-ஆம் ஆண்டு முதல் கிண்டியில் உள்ள கிங் நிலையம் இவ்விஷயங்களில் நெடுங்கால அனுபவம் உடையது. மாதிரி நீரைச் சுத்தி செய்த புட்டியில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, ஒரு நாளுக்குள் சேர்ப்பித்தல் வேண்டும். குளோரின் இட்ட நீராயின், அதைப் போக்கும் மருந்து இட்ட புட்டியைப் பரிசோதனைச் சாலையிலிருந்தே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

8. ஒவ்வொரு பரிசோதனைச் சீட்டிலும் மாதிரி எடுத்த இடம், நாள், நேரம், அதற்கு முன் மழை பெய்ததா, முகத்துவாரம் திறந்திருந்ததா என்பனவற்றைக் குறித்து, கிராமக் கணக்குகளோடு சேர்த்து வைத்தல் வேண்டும். சில ஆண்டுக் குறிப்புகள் சேர்ந்தால், எந்தக் கிணறு எந்தப் பருவத்தில் கெடுகிறது என்பது தானே வெளிப்படும்.

பயிரில் நோய் கண்டபின் மருந்து தேடுவதினும், விதையும் நிலமும் நோயற்றனவாக இருக்கும்படி முன்னரே காத்தல் மேலானது என்பதைக் குடியானவர் நன்கறிவர். நீரின் விஷயமும் அத்தகையதே. கிருமியுண்ணி நீரைச் சுத்தி செய்வதன்று. சாக்கடை எங்கே, எவ்வழியாகக் கலந்தது என்பதை அறிவிப்பது மட்டுமே அதன் வேலை. அவ்வறிவிப்பைக் கேட்டு, ஆரணி ஆற்றுப் பாசனத்தாரும் ஏரிக்கரைக் குப்பத்தாரும் ஒரே நீரைப் பங்கிட்டுக்கொண்டவர்கள் என்னும் எண்ணத்துடன் கழிவுநீர் கலவாதபடி தடுப்பது, நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் சேர்ந்து செய்யவேண்டிய காரியமாகும்.